பேச்சிலர் என்றாலே கேட்டைச் சாத்துகிறார்கள்: சென்னையில் மாணவர்கள் வீடு எடுப்பது எப்படி?

தென்காசிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், தென்சென்னையில் ஒரு கல்லூரி. விடுதியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை, நீங்கள் வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று திடீரென்று சொல்லிவிட்டார்கள். நானும் இரண்டு நண்பர்களும் குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை பதினோரு நாளாக அலைகிறோம்.

இதுவரை பதினேழு வீடு. நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன். ஒன்பது வீட்டில் "ஃபேமிலியா?" என்ற கேள்வியோடு முடிந்தது, கேட்டுக்கு உள்ளே கால் வைக்கவே இல்லை. மூன்று வீட்டில் சைவம் மட்டும். ஒரு வீட்டில் ஆடி முடியட்டும் என்றார்கள். ஒரு பெரியவர் எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எது என்று சுற்றி வளைத்துக் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இரண்டு வீடு ஆப்பில் மட்டும் இருக்கின்றன, நேரில் போனால் அந்தக் கதவு எண்ணே கிடையாது.

பதினேழாவதுதான் கடுப்பேற்றியது. டு-லெட் போர்டில் வாடகை 14,000. எங்களுக்கு முன்னால் ஒரு கணவன் மனைவி பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களிடம் அட்வான்ஸ் 60,000 என்று சொன்னதை மாடிப்படியில் நின்று கேட்டோம். எங்கள் முறை வந்தபோது "பசங்களா, தலைக்கு 6,000, அட்வான்ஸ் ஒரு லட்சம்" என்றார். வீடு அதே வீடுதான். பேச்சிலருக்குத் தரமாட்டேன் என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது போல.

என்னதான் வழி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வெட்டி ஆபீசர்

திருவல்லிக்கேணி மேன்ஷனில், அதாவது பேச்சிலர் லாட்ஜில், போய்ப் படுங்கள் தம்பி. நாங்களெல்லாம் அப்படித்தான் படித்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு பால்கனி வேண்டும்.

தென்காசிக்காரன்

அண்ணா, காலை எட்டரைக்கு முதல் வகுப்பு. திருவல்லிக்கேணியிலிருந்து தினமும் வந்து போனால் ரயிலிலேயே டிகிரி முடித்துவிடலாம்.

2012 பேட்ச்

பழைய கதை ஒன்று சொல்கிறேன், இந்தக் கதவு சாத்தலின் வேர் கொஞ்சம் அங்கே இருக்கிறது.

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் நடந்த வங்கிக் கொள்ளைகளில் சந்தேகப்பட்டவர்கள், வடமாநிலத்தவர்கள். மாணவர்கள் என்று சொல்லி வீடு எடுத்திருந்ததாகச் செய்தி வந்தது. அது என்கவுன்டரா, வேறா என்ற சர்ச்சை தனி. எங்களுக்கு அதற்கு அடுத்த வாரமே வாழ்க்கை மாறியது. குடியிருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று உரிமையாளர்களுக்கு உத்தரவு வந்தது. எங்கள் ஓனர் அதுவரை எங்கள் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லமாட்டார், "மேல்வீட்டுப் பசங்க" அவ்வளவுதான். ஒரே நாளில் நான்கு பேரின் புகைப்படம், ஊர் முகவரி, கல்லூரிக் கடிதம் எல்லாம் கேட்டார். கொடுத்தோம். மாதக் கடைசியில் காலி செய்யுங்கள் என்றார். "உங்க மேல சந்தேகம் இல்லப்பா, வர்றவன் போறவன் கேக்கறான்" என்றார்.

படிவம் கொடுப்பது தப்பில்லை, பத்து நிமிட வேலை. ஆனால் பல ஓனர்கள் அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்க்கத்தான் "ஃபேமிலி ஒன்லி" என்று எழுதுகிறார்கள். குடும்பம் என்றால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை என்ற நினைப்பு.

மாடிவீட்டம்மா

நான் ஓனர். திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் எங்கள் பக்கமும் ஒருவர் பேச வேண்டும்.

என் கணவர் ஓய்வு பெற்றவர், தனியார் வேலை, பென்ஷன் பெயருக்குத்தான். மாடி வாடகைதான் எங்களுக்கு மருந்துச் செலவு. மூன்று வருடத்துக்கு முன் நான்கு பையன்களுக்குக் கொடுத்தேன். நல்ல பிள்ளைகள், பண்டிகைக்கு ஊரிலிருந்து முறுக்கு கொண்டுவந்து தருவார்கள். ஆனால் நான்கு பேர் ஆறு மாதத்தில் ஒன்பது பேர் ஆனார்கள். கேட்டால் "ஃப்ரெண்ட் ஆன்ட்டி, எக்ஸாமுக்கு வந்திருக்கான்". அந்த எக்ஸாம் ஒரு வருடம் நடந்தது. வாசலில் ஆறு பைக். காலையில் ஒன்பது பேர் குளித்தால் ஒரு தொட்டித் தண்ணீர் எப்படிப் போதும்? கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினேன். மே மாதம் பரீட்சை முடிந்ததும் சொல்லாமல் காலி செய்துவிட்டார்கள், சாவி பக்கத்துக் கடையில் இருந்தது. அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மெசேஜ். அடுத்த ஜூலை வரை வீடு பூட்டிக் கிடந்தது.

குடும்பம் என்றால் குழந்தையின் பள்ளிக்காகவாவது நான்கு வருடம் இருப்பார்கள். மாணவர்கள் பத்து மாதம். ஒவ்வொரு தடவையும் பெயிண்ட், ஒவ்வொரு தடவையும் புரோக்கர். ஒரு லட்சம் கேட்பது பேராசை இல்லை தம்பி, பயம்.

பல்லாவரம் பையன்

அம்மா, நீங்கள் சொன்ன அந்த நான்கு பேருக்கு முதலில் வீடு கிடைத்ததே, அதைச் சொல்லுங்கள். எனக்குப் பேச்சு அதுவரை போகவே போகாது.

போனில் எல்லாம் சரியாக இருக்கும். வாடகை, தண்ணீர், எத்தனை பேர், எல்லாம் பேசி முடித்து "சரி தம்பி, பேரு என்ன?" என்பார்கள். சொன்னதும் ஒரு நொடி அமைதி. அப்புறம் "இப்போதான் ஒரு பார்ட்டி டோக்கன் கொடுத்துட்டுப் போனாங்க". போன வருடம் என் வகுப்புத் தோழனை விட்டுப் பத்து நிமிடம் கழித்து அதே எண்ணுக்குப் பேசச் சொன்னேன். "வீடு இருக்கு, சாயந்தரம் வந்து பாருங்க." ஐந்து எண்களில் இதைச் செய்து பார்த்தேன், மூன்றில் இதே கதை. அதற்கப்புறம் செய்யவில்லை. தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

கடைசியில் அத்தாவுக்குத் தெரிந்த ஒருவர் சொல்லி, பள்ளிவாசலுக்குப் பின் தெருவில் ஒரு அறை கிடைத்தது. நல்ல ஓனர். ஆனால் நான் தேடிய இடம் அது இல்லை, எனக்கென்று விட்டுவைத்த இடம் அது.

மாடிவீட்டம்மா

நான் சாதி மதம் கேட்டதில்லை தம்பி. சைவமா என்று மட்டும்தான் கேட்பேன்.

மருதாணி

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எதைச் சாப்பிடுகிறாய் என்று கேட்டாலே பாதி ஊர் வாசலோடு நின்றுவிடும். கேள்வி வேறாக இருக்கலாம், வெளியே நிற்கிற ஆட்கள் அதே ஆட்கள்தான்.

சட்டப்பித்தன்

சட்டப்படி பார்த்தால், அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு பாகுபாடு கூடாது என்கிறது, ஆனால் அது முதன்மையாக அரசுக்கு. தனியாருக்கும் பொருந்தும் உட்பிரிவில் கடை, உணவகம், கேளிக்கை இடம், பொதுக் கிணறு, குளம், சாலை என்று பட்டியல் வருகிறது. வாடகை வீடு அதில் இல்லை. 1949இல் எழுதியவர்களுக்கு டீக்கடை பெரிய பிரச்சினை, அபார்ட்மென்ட் இல்லை. வீட்டு வாடகையில் பாகுபாட்டைத் தடுக்கவென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. அதனால்தான் இவ்வளவு தைரியமாக போர்டில் எழுதி மாட்ட முடிகிறது.

ஆனால் அட்வான்ஸ் விஷயத்தில் தம்பிக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதில் வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. கைதட்டுவதற்கு முன் அடுத்த வரியையும் படியுங்கள்: "வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்". அதாவது நீங்கள் பத்து மாதம் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் அது செல்லும். கழுதை உள்ளே போகிற அளவுக்கு ஓட்டை. இருந்தாலும் பேரம் பேசும்போது "சட்டம் மூன்று மாதம் என்கிறதே சார்" என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள், ஒரு லட்சம் எழுபதாகக் குறைய வாய்ப்புண்டு.

அதே சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி உங்களைத் துரத்தக் கூடாது. வீட்டுக்குள் வருவதென்றால் 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். தப்பித் தவறி இதை ஓனரிடம் வாசித்துக் காட்டாதீர்கள், அன்றைக்கே வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும்.

வெட்டி ஆபீசர்

அப்போ அந்தச் சட்டத்தால் யாருக்கு லாபம்?

சட்டப்பித்தன்

சண்டை வந்தபிறகு உதவும். வீடு கிடைக்க உதவாது.

மருதாணி

பெண் பிள்ளைகளின் கதையையும் சொல்கிறேன். எங்களுக்கு வீடு சீக்கிரம் கிடைக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கிடைக்கும், நாலு வேலியோடு. நானும் தோழிகளும் எடுத்த வீட்டில் ஆண்கள் வரக் கூடாது என்பது நிபந்தனை. சரி என்றோம். என் சொந்தத் தம்பி நீட் தேர்வு எழுத வந்தபோது அவனையும் ஏற்றவில்லை, லாட்ஜில் தங்கினான். ஒரு நாள் ஒன்பதே காலுக்கு வந்தேன், ரயில் தாமதம். நான் படியேறும் முன் அம்மாவிடமிருந்து போன். ஓனரம்மா முந்திக்கொண்டார்.

அதனால் தனியார் விடுதிக்கு மாறினேன். விடுதி பார்க்கும் பெண்களுக்கு இரண்டு விஷயம். பெண்கள் விடுதி நடத்த 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். உள்ளே நுழைந்ததும் அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அங்கேயே தெரிந்துவிடும். இன்னொன்று ஜிஎஸ்டி. விடுதிக் கட்டணத்தின் மேல் வரி என்று கூட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் விடுதியும் குடியிருப்புதான், வரி கூடாது என்றது. அதே வருடம் ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சிலும், தொடர்ந்து 90 நாள் தங்குகிறவர்களுக்கு மாதம் 20,000 ரூபாய் வரை வரி இல்லை என்று அறிவித்தது. இன்னும் யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள், ஜிஎஸ்டி எண்ணோடு. பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

தென்காசிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. முதல் பதிவில் ஒரு விஷயத்தை எழுதவில்லை. எங்கள் மூவரில் ஒருவன் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன். அவனுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசே கட்டுகிறது. அதை நம்பித்தான் சென்னைக்கே வந்தான். இப்போது விடுதியில் இடமில்லை என்றால் அந்த விடுதிக் கட்டணம் அவன் கைக்கு வராது. வெளியே எடுக்கும் வீட்டுக்கு அவன் சொந்தக் காசுதான் போட வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அட்வான்ஸ் என்றாலும் இருபது, முப்பதாயிரம். அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர்.

எனக்கு வங்கிக் கடன் இருக்கிறது. மேலாளர் நல்ல மனிதர், வெளியே தங்கினாலும் வாடகை ரசீது கொண்டுவா, பார்க்கலாம் என்றார். எந்த ஓனரும் ரசீது தர மாட்டேன் என்கிறார்கள். "கேஷா குடு, கணக்கு வழக்கெல்லாம் வேண்டாம்."

குமாஸ்தா

வேறொரு கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்கள் நண்பர் எஸ்.சி. பிரிவு என்றால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான, உதவித்தொகைக்கு மத்திய அரசின் பழைய வழிகாட்டுதல்களில் இப்படி ஒரு விதி இருந்தது: விடுதியில் இடம் இல்லாமல் ஐந்து பேராவது சேர்ந்து, பொதுச் சமையலோடு வீடு எடுத்தால், கல்லூரி முதல்வர் பார்வையிட்டுச் சான்று தந்தால் அந்த வீட்டையே விடுதியாகக் கருதலாம். அப்போது வீட்டிலிருந்து வந்து போகிறவருக்கான தொகைக்குப் பதில் விடுதி மாணவருக்கான தொகை கிடைக்கும். எங்கள் கல்லூரியில் இத்தனை வருடத்தில் இரண்டே தடவை இதற்குச் சான்று எழுதியிருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தெரியாது, அலுவலகத்தில் சொல்வதும் இல்லை. உங்கள் அலுவலகத்தில் இப்போதைய விதியைக் கேளுங்கள், வாய்மொழியாக இல்லை, மனு எழுதிக் கொடுத்து.

அரசின் சமூகநீதி விடுதிகளிலும் விண்ணப்பியுங்கள். தாமதம்தான், ஆனால் நடுவில் இடம் காலியாகும்.

2012 பேட்ச்

தம்பி, நீங்கள் தேடும் முறையே தப்பு. மாணவர் வீடு எதுவும் டு-லெட் போர்டுக்கு வராது. கடைசி வருடப் பையன்கள் காலி செய்யும்போது ஜூனியர்களிடம் சாவியைக் கொடுப்பார்கள். சில வீடுகள் பத்து வருடமாக ஒரே கல்லூரிக்குள் கைமாறிக்கொண்டே இருக்கும். ஓனருக்கும் வசதி, புரோக்கர் கிடையாது. துறையில் சீனியர்களைப் பிடியுங்கள்.

பல்லாவரம் பையன்

அந்தச் சங்கிலிக்குள் நுழைய சீனியர் தெரிந்திருக்க வேண்டும் அண்ணா. ஊரிலிருந்து முதல் ஆளாக வந்தவனுக்கு சீனியர் யார்?

சட்டப்பித்தன்

இன்னொரு சிக்கலும் உண்டு. அட்வான்ஸை ஓனரிடம் கொடுக்க மாட்டீர்கள், சீனியரிடம் கொடுப்பீர்கள். அவர் அவருடைய சீனியரிடம் கொடுத்தது. ஒப்பந்தம் யாரோ படித்து முடித்து பெங்களூரு போனவர் பெயரில் இருக்கும். ஓனர் ஒரு நாள் "உன்னிடம் நான் பணமே வாங்கவில்லையே" என்றால் அவர் சொல்வது உண்மைதான். சங்கிலி அறுகிற வருடத்தில் யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் தலையில் விடியும். நுழையும் அன்றைக்கே உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் எழுதுங்கள். முடியாவிட்டால் ஓனருக்கு வாட்ஸ்அப்பில் "இத்தனை ரூபாய் அட்வான்ஸ் எங்கள் கணக்கில் வந்துவிட்டது" என்று அனுப்பி ஒரு "ஓகே" வாங்குங்கள். அந்த ஓகே பின்னாளில் தங்கம்.

மருதாணி

கரன்ட் பில்லையும் பாருங்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாகத்தான் ஏறும். சப்-மீட்டர் வைத்திருக்கும் ஓனர்கள் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு, பத்து ரூபாய் போடுவார்கள். மின்வாரியத்தின் தனி மீட்டர் உள்ள வீடு என்றால் வாடகை ஐந்நூறு கூடுதலானாலும் லாபம். முதல் நாளே மீட்டரைப் படம் எடுங்கள், சுவரையும் எடுங்கள். காலி செய்யும்போது பெயிண்ட் என்று ஒரு மாத வாடகை போகத்தான் போகிறது, இரண்டு மாதம் ஆகாமலாவது பார்த்துக்கொள்ளலாம்.

மாடிவீட்டம்மா

ஒரு ரகசியம் சொல்கிறேன், ஓனர்கள் என்னை அடிக்க வருவார்கள். ஆடி மாதம் யாரும் குடிவர மாட்டார்கள், வீடு சும்மா கிடக்கும். கல்லூரி திறப்பதும் அப்போதுதான். ஆடியில் பால் காய்ச்ச விடமாட்டோம், ஆனால் ஆடிக் கடைசியில் பேசி முடித்து ஆவணி ஒன்றாம் தேதி வருகிறேன் என்றால் இறங்கி வருவோம். பாதி மாதம் காலியாகக் கிடந்த வீட்டின் ஓனரிடம் பேசுவது சுலபம். புரோக்கரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பையன்கள் மூன்று பேராகப் போய் நிற்காதீர்கள். அப்பாவோ அம்மாவோ வரட்டும். அநியாயம்தான், ஆனால் நான் அப்படித்தான் முடிவு செய்வேன்.

தென்காசிக்காரன்

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன்.

அப்பா பலசரக்குக் கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று பொதிகையில் ஏறி வந்துவிட்டார். காலையில் தாம்பரத்தில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு நேராக அந்தப் பதினேழாவது வீட்டுக்கே போகலாம் என்றார். எனக்கு விருப்பமே இல்லை. ஓனரும் அப்பாவும் அரை மணி நேரம் துவரம்பருப்பு விலையும் முழங்கால் வலியும் பேசினார்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்திருக்கும்போது வாடகை 15,000, அட்வான்ஸ் 60,000, ஆவணி முதல் தேதி என்று முடிந்திருந்தது. நான் பதினோரு நாள் அலைந்ததற்கு என்ன அர்த்தம் என்று புரியவில்லை. சந்தோஷம்தான், ஆனால் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. இருபது வயது, ஓட்டுப் போடலாம், ஒரு அறைக்குச் சாவி வாங்க அப்பா வர வேண்டும்.

ஒப்பந்தம் எழுதினோம், பதினோரு மாதம். பதிவு செய்யலாமா என்றேன், "அதெல்லாம் எதுக்கு" என்றார். அப்பா என் கையை அழுத்தினார், விட்டுவிட்டேன். பணத்தை மட்டும் வங்கி வழியாகத்தான் அனுப்புவேன் என்று நின்றேன், சம்மதித்தார். போலீஸ் படிவத்தை நாங்களே நிரப்பிக் கொடுத்தோம், அதைப் பார்த்ததும் அவருக்குப் பாதி பயம் போய்விட்டது.

7.5 ஒதுக்கீட்டு நண்பனால் இருபதாயிரம் புரட்ட முடியவில்லை. நாங்கள் போடுகிறோம் என்றோம், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது மதுராந்தகத்தில் சித்தி வீட்டிலிருந்து தினமும் ரயிலில் வருகிறான். குமாஸ்தா சார் சொன்ன மனுவை எழுதிக் கொடுத்திருக்கிறோம், அவன் எஸ்.சி.தான். வீட்டில் இப்போது இரண்டு பேர், அவனையும் சேர்த்து இன்னும் மூன்று பேர் வந்தால் ஐந்து ஆகும், ஆனால் ஓனரிடம் மூன்று பேர் என்று சொல்லித்தான் வீடு எடுத்திருக்கிறோம்.

சமையலுக்கு காஸ் இணைப்பு கேட்டால் முகவரிச் சான்று கேட்கிறார்கள். என்ன செய்வது?

மருதாணி

5 கிலோ சிலிண்டர் வாங்குங்கள், சோட்டு என்பார்கள். ஏதாவது ஒரு அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று வேண்டாம். இரண்டு பேருக்கு நன்றாக ஓடும்.

மாடிவீட்டம்மா

ஐந்து பேர் என்றால் ஐந்து பேர் என்று இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள் தம்பி, பின்னால் ஒவ்வொருவராக ஏற்றாதீர்கள். அப்புறம் டேங்க் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டதும் யார் வேலை என்று பார்க்காமல் ஓடிப்போய் மோட்டாரை அணையுங்கள். முதல் சண்டை அதில்தான் வரும்.